தேசிங்கு ராஜாவும் அப்பாவோட பாக்கியும்

திண்டிவனத்துல திருவண்ணாமலை பஸ் ஏறி ஜன்னல் ஓரமா உட்கார்ந்தா, செஞ்சி தாண்டினதும் ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் மலை வரும். யாரோ பாறையை லாரி லாரியா கொண்டு வந்து கொட்டினா மாதிரி இருக்கும். "அதோ பார், தேசிங்கு ராஜா கோட்டை"ன்னு குழந்தைக்குக் காட்டாத ஆள் எங்க பக்கம் கிடையாது. எனக்குத் தாத்தா காட்டினார்.

2025 ஜூலையில யுனெஸ்கோ அந்தக் கோட்டையை உலகப் பாரம்பரியப் பட்டியல்ல சேர்த்தாங்க. மராட்டியர் கோட்டைகள்னு மொத்தம் 12. அதுல மகாராஷ்டிராவுக்கு வெளிய இருக்கிறது செஞ்சி மட்டும்தான். நியாயம்தான். சிவாஜி 1677ல பிடிச்ச கோட்டை. அவர் பையன் ராஜாராம் இங்க இருந்துக்கிட்டுதான் முகலாயப் படைக்கு வருஷக்கணக்கா தண்ணி காட்டினார். 1698லதான் அவங்களால உள்ள நுழைய முடிஞ்சுது.

ஆனா ஊர்ல கேட்டுப் பாருங்க. சிவாஜி கோட்டைன்னு ஒருத்தரும் சொல்ல மாட்டாங்க. நாயக்கர் கோட்டைன்னும் சொல்ல மாட்டாங்க. ஒரு வருஷம் கூட முழுசா ஆளாத ஒருத்தன் பேர்தான் நிக்குது. ஏன்?

முதல்ல உண்மைக் கதையைச் சொல்லிடறேன். தேசிங்குங்கறது தேஜ் சிங். புந்தேல்கண்ட் ராஜபுத்திரன். அப்பா சொரூப் சிங், அவுரங்கசீப் காலத்துல செஞ்சிக்கு நியமிக்கப்பட்ட கில்லேதார், அதாவது கோட்டைத் தலைவர். ராஜா எல்லாம் இல்லீங்க. டெல்லி கொடுத்த ஜாகீர்ல காலம் தள்ளின ஒரு சின்ன பிரபு. ஆற்காட்டுக்குக் கட்ட வேண்டியதைப் பல வருஷமா கட்டாம வச்சிருந்தார். 1714ல கண்ணை மூடிட்டார்.

செய்தி கேட்டுப் பையன் வடக்கேயிருந்து கிளம்பி வந்து கோட்டையில உட்கார்ந்தான். வயசு 22ன்னு சொல்றாங்க. ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கான் பாக்கியைக் கேட்டார். இவன், பாதுஷா எங்கப்பாவுக்குக் கொடுத்த உத்தரவு இருக்குன்னான். அவர், அந்த பாதுஷாவே போயாச்சு, புதுசா வாங்கிட்டு வான்னார். (பழைய மேனேஜர் கொடுத்த அப்ரூவல் மெயிலைப் புது மேனேஜர்கிட்ட காட்டினவங்களுக்கு இது புரியும் :-) ) அக்டோபர் 1714ல சண்டை. இந்தப் பக்கம் நூத்துக்கணக்குல ஆளு, அந்தப் பக்கம் ஆயிரக்கணக்குல. செத்துப் போனான். அவ்ளோதான் சரித்திரம்.

இப்ப கதைப்பாட்டுக்கு வாங்க. அது வேற உலகம். அடங்காத குதிரை பாராசாரியை அஞ்சு வயசுப் பையன் அடக்கறான். 'போகாதே'ன்னு சிங்கவரம் ரங்கநாதர் முகத்தைத் திருப்பிக்கறார். கல்யாணக் கோலத்துல இருக்கற நண்பன் முகமது கான் சேதி கேட்டதும் மணமேடையை விட்டு எழுந்து, நீலவேணிங்கற குதிரை மேல சண்டைக்கு வந்து சாகறான். 1960ல எம்.ஜி.ஆர் ரெட்டை வேஷத்துல 'ராஜா தேசிங்கு'ன்னு படமே வந்துச்சு.

இதைப் படிச்சுட்டு ரெண்டு கோஷ்டி கிளம்புவாங்க. ஒண்ணு, "அவன் தமிழனே இல்ல, கொஞ்ச மாசம் இருந்த கில்லேதார், அவனுக்கு எதுக்கு இத்தனை பில்டப்பு?"ன்னு கேக்கும். இன்னொண்ணு அவனைத் தெய்வமாக்கிடும். நான் காலேஜ்ல முதல் கோஷ்டி. தாத்தாகிட்டயே "எல்லாம் டூப்பு தாத்தா"ன்னு சொல்லிருக்கேன். அவர் ஒண்ணும் சொல்லல. வெத்தலைப் பெட்டியை மூடிட்டு எழுந்து போயிட்டார்.

எனக்கு விஷயம் புரிஞ்சது அப்பா போனப்பதான். நான் அப்ப கடைசி வருஷம். போர் போட்ட கடன், மோட்டார் கடன், எழுத்துல பாதி வாய்ப்பேச்சுல பாதி. பதினாறு முடியறதுக்குள்ள வட்டிக்குக் கொடுத்தவர் வாசல்ல வந்து நின்னார். "நிலத்தை எழுதிக் கொடுத்துடு தம்பி, தொல்லை விட்டுது"ன்னார். அப்ப விழுப்புரத்துலேருந்து என் நண்பன் ஒருத்தன் வந்து திண்ணையில என் பக்கத்துல உட்கார்ந்தான். அவன்கிட்டயும் பணம் இல்ல. ஒரு வார்த்தை பேசல. சும்மா உட்கார்ந்திருந்தான். தனியா இருந்திருந்தா அன்னிக்கே கையெழுத்துப் போட்டிருப்பேன். "வேலைக்குப் போய்க் கட்டறேன், டைம் கொடுங்க"ன்னு சொல்ற தைரியம் அதனாலதான் வந்துச்சு. கட்டி முடிக்க நாலு வருஷம் ஆச்சு.

தேசிங்கு கட்ட வேண்டிய பாக்கி யார் வயித்துலேருந்து வந்திருக்கணும்? எங்க பக்கத்து விவசாயி விளைய வச்ச நெல்லுலேருந்துதான். அவன் ஜெயிச்சிருந்தாலும் ஜனங்களுக்கு வரி குறைஞ்சிருக்கும்னு நான் நம்பல. அப்புறமும் அந்த ஜனங்கதான் அவனைப் பாடினாங்க. ஏன்னா பாக்கி கேட்டு ஆள் வந்து வாசல்ல நிக்கறது எப்படி இருக்கும்னு அவங்களுக்குத் தெரியும். பாட்டுல எத்தனை அதிசயம் வந்தாலும் சண்டைக்குக் காரணம் மட்டும் மாறல பாருங்க, அதே கப்பம்தான்.

அந்த நண்பனை அவங்க விடாம வச்சிருந்ததும் அதனாலதான்னு நினைக்கறேன். முகமது கான் வந்ததால சண்டையோட முடிவு மாறல. ஆனா வந்தான். ஜெயிச்ச நவாபுக்கு ஊர்ல பாட்டு இல்ல.

அதனால என் கட்சி இதுதான்: குதிரை, சாமி எல்லாம் பொய்யாவே இருக்கட்டும். அப்பன் பாக்கியோட மாட்டிக்கிட்ட அந்த 22 வயசுப் பையன் நிஜம். பட்டியல்ல யார் பேர் வேணா இருக்கட்டும், பஸ்ல போறப்ப நான் தேசிங்கு கோட்டைன்னுதான் காட்டுவேன்.

டிஸ்கி: தாத்தாகிட்ட இதைச் சொல்லிருக்கணும். அவர் போய் ஆறு வருஷம் ஆச்சு.