ரெண்டு புகை, ரெண்டு நியாயம்

பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு பழைய கல்லடிப் பாலத்தில் நின்று பாருங்கள். ஒருத்தன் சிகரட் பத்த வைத்தால் பக்கத்தில் நிற்கிறவன் முகத்தைச் சுளிப்பான். "அங்கால போடா, நாறுது" என்பான். அதே ஆள் கஞ்சாவைப் பற்றிக் கதை வந்தால் பெரிய ஞானியாகி விடுவான். "அது இயற்கை மச்சான். சித்தர்மார் பாவிச்சது. அதால செத்தவன் ஆராவது இருக்கானா?"

அரசாங்கத்தின் கணக்கு இதற்கு நேரெதிர். சிகரட் பெட்டிக்கடையில் விற்கிற பொருள். கஞ்சா சட்டைப் பையில் கிடந்தாலே குற்றம். எனக்கு இந்த ரெண்டு கணக்கிலும் நம்பிக்கை இல்லை.

முதலில் சிகரட்டைப் பார்ப்போம். புகையிலை மற்றும் மதுசாரத்துக்கான தேசிய அதிகாரசபைச் சட்டம் 2006 இல் வந்தது. 21 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்கக் கூடாது, விளம்பரம் கூடாது, மூடிய பொது இடங்களில் பிடிக்கக் கூடாது என்றது. 2015 இலிருந்து பெட்டியின் 80 வீதத்துக்குப் புண் பிடித்த வாயும் கறுத்த நுரையீரலும்தான். 2018 அளவில் நாடு முழுக்க நூறுக்கு மேற்பட்ட ஊர்களில் கடைக்காரர்களே சிகரட் விற்பதில்லை என்று முடிவெடுத்தார்கள், அதில் யாழ்ப்பாணம் முன்னுக்கு நின்றது. எங்கட அப்பாமார் பஸ்ஸுக்குள்ளேயே பத்த வைத்த காலம் இருந்தது. இண்டைக்கு அப்படி ஒருத்தன் செய்தால் கண்டக்டர் பேசுவதற்கு முதல் பின்சீட்டுக் கிழவி பேசி முடிப்பா. விலை, படம், கூச்சம், இந்த மூன்றும்தான் அதைச் செய்தன. பிடிக்கிற இடத்தைத் தடுத்தார்களே தவிர, பிடிக்கிற ஆளைக் கூட்டில் அடைக்கவில்லை.

அது முழு வெற்றி என்றும் சொல்ல மாட்டன். புகையிலையால் இந்த நாட்டில் வருசத்துக்கு 20,000 பேர் அளவில் சாகிறார்கள் என்று சுகாதாரத் துறை சொல்லி வருகிறது. எங்கட பக்கம் பெட்டியாக வாங்குகிறவன் எத்தனை பேர்? ஒற்றைச் சிகரட்தான். அந்தப் பயங்கரப் படம் கடைக்காரரின் லாச்சிக்குள்ளேயே கிடக்கும். கனடாவில் 2023 இல் வந்த விதியால் ஒவ்வொரு சிகரட்டிலும் எச்சரிக்கை அச்சடிக்க வேண்டும். அது முக்கியமாகத் தேவைப்படுவது எங்களுக்கு.

இனி கஞ்சா. "நான் சிகரட் தொடுறல்ல, இது மட்டும்தான்" என்று சொல்கிற ஆக்களிடம் ஒரு கேள்வி. எதோட கலந்து பிடிக்கிறீங்க? எங்கட பொடியன்கள் பலர் சிகரட் தூளோட கலந்துதான் சுத்துகிறார்கள். நிக்கொட்டின் உள்ள போகுது, அடிமைத்தனத்தில் பாதி அதுதான். தனியாகப் பிடித்தாலும் எரிகிற இலையின் புகை புகைதான், தாரும் நச்சு வாயுக்களும் அதிலும் உண்டு. பதினஞ்சு பதினாறு வயதில் தொடங்கி நாளாந்தம் பிடிக்கிறவர்களுக்கு மனநோய் வரும் ஆபத்து கூடுகிறது என்பதும் மருத்துவ உலகம் ஒத்துக்கொண்ட விசயம். இயற்கை என்றால் அலரி விதையும் இயற்கைதான்.

ஆனால் இதற்கெல்லாம் மருந்து விளக்கமறியலா?

2023 டிசம்பர் 17 இல் 'யுக்திய' நடவடிக்கை தொடங்கியது. சிங்களத்தில் அந்தச் சொல்லுக்கு நீதி என்று பொருள். சில வாரத்துக்குள் பல்லாயிரம் பேரைப் பிடித்தார்கள். அடுத்த ஜனவரியிலேயே ஐ.நா. மனித உரிமை நிபுணர்கள் இதை நிறுத்தி மீளாய்வு செய்யச் சொன்னார்கள். அந்த நேரம் படுவான்கரைப் பக்கத்துப் பொடியன் ஒருத்தன், எனக்குத் தெரிஞ்சவன், மேசன் வேலை முடித்து வரும்போது மறித்துச் சோதித்தார்கள். பையில் சின்னப் பொட்டலம். பதினாலு நாள் உள்ளே. பிறகு குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டப் பணம் கட்டினான், தாய் காப்பை அடகு வைத்து. கதை அதோட முடியவில்லை. கத்தாருக்குப் போக எல்லாம் சரிவந்த நேரம் பொலிஸ் அறிக்கை கேட்டார்கள். அவனுடைய பழைய வழக்கு எழும்பி வந்து முன்னுக்கு நின்றது.

இதே நாட்டில்தான் 1961 ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டத்தின் கீழ் வைத்தியர்கள் மருந்துக்குக் கஞ்சா பெறலாம். 2023 வரவு செலவுத் திட்டத்தில் ஏற்றுமதிக்குக் கஞ்சா வளர்ப்பதை ஆராயப் போவதாகச் சொன்னார்கள். டொலர் வந்தால் மூலிகை, மேசன் பொடியன் கையில் இருந்தால் போதைப்பொருள்!

அப்ப சட்டபூர்வமாக்கிக் கடை திறக்கலாம் என்றால், அதுக்கும் நான் இல்லை. கனடா 2018 ஒக்ரோபர் 17 இல் அதைச் செய்தது. 2021 இல் அங்குள்ள ஒரு கஞ்சாக் கம்பனியில் ஐந்திலொரு பங்களவு வாங்கியது ஆர் தெரியுமா? பிரிட்டிஷ் அமெரிக்கன் டொபாக்கோ. எங்கட இலங்கைப் புகையிலைக் கம்பனியின் தாய்க் கம்பனி. "சிகரட் கம்பனி கொலைகாரன், கஞ்சா இயற்கை" என்று பாலத்தில் நின்று கதைக்கிற தம்பிமார் இதைக் கொஞ்சம் யோசிக்க வேணும்.

நான் கேட்கிறது இவ்வளவுதான். கையில் கொஞ்சம் வைத்திருந்தவனை நீதிமன்றத்துக்கு அனுப்பாமல் ஆலோசனைக்கு அனுப்புங்கள். அவன் பேரில் வழக்கு எழுதாதீங்க. 21 வயது, பொது இடம், விளம்பரம் என்று சிகரட்டுக்கு உள்ள கட்டுப்பாடு எல்லாம் இதற்கும் இருக்கட்டும். கடத்தி விற்கிறவனை விட வேண்டியதில்லை.

இதை வீட்டில் சொன்னபோது அம்மா கோபப்பட்டா. "ஊருக்குள்ள ஐஸ் வந்திட்டு மனே, நீ கஞ்சாக்காரனுக்கு வக்காலத்து வாங்குறா?" அவவின் பயம் பொய்யில்லை. ஆனால் ரெண்டையும் ஒரே இருட்டுக்குள் தள்ளினால், கஞ்சா தேடிப் போறவன் ஐஸ் விற்கிறவனிடம்தான் போய் நிற்பான். நெதர்லாந்து 1976 இல் கஞ்சாவை மற்றப் போதைப்பொருள்களிலிருந்து சட்டத்தில் பிரித்து வைத்ததற்கு இதுதான் காரணம். அம்மா முழுக்க ஒத்துக்கொள்ளவில்லை. "எண்டாலும் அந்தப் பொடியன்ட தாய் பாவம்" என்றா.

அவன் இன்னும் மேசன் வேலைக்குத்தான் போகிறான். கஞ்சாவை விட்டுவிட்டான். தேத்தண்ணி நேரத்தில் சிகரட், நாளைக்கு ஆறேழு. அதுக்கு ஒருத்தரும் ஒண்டும் சொல்றல்ல.