கழற்றும் முன் கவனியுங்கள்!



"வண்டி இழுக்கலையா? பம்பு போச்சு, மாத்திடுங்க." ஹைட்ரோஸ்டாடிக் டிரான்ஸ்மிஷன் உள்ள இயந்திரம் நின்றால் பல இடங்களில் முதலில் வரும் தீர்ப்பு இதுதான். விசாரணையே இல்லாத தீர்ப்பு!

"டிராக்டர் சமாச்சாரம் மெட்ராஸ்ல இருக்கிற நமக்கு எதுக்குப்பா?" என்று கேட்காதீர்கள். மயிலாப்பூர், பனகல் பார்க், அடையாறு பக்கம் மெட்ரோ வேலைக்கு வரும் கான்கிரீட் லாரியின் டிரம்மைச் சுற்றுவதும் இதே மாதிரி பம்பும் மோட்டாரும்தான். 1967-ல் அமெரிக்காவின் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் தன் 656 டிராக்டரில் இதை வைத்தது. இன்று நம் டெல்டாவில் நெல் அறுக்கும் பெல்ட் வண்டிகளிலும் இருக்கிறது.

விஷயம் எளிது. கியர் செய்யும் வேலையை எண்ணெய் செய்கிறது. பம்புக்குள் இருக்கும் ஸ்வாஷ் பிளேட் சாயச் சாய வேகம் கூடும். எதிர்ப்பக்கம் சாய்ந்தால் ரிவர்ஸ். நேராக நின்றால் நியூட்ரல். உள்ளே கசியும் எண்ணெயை சார்ஜ் பம்பு ஈடுகட்டும்.

இது புரிந்தால் பாதிக் கோளாறு வெளியிலிருந்தே தெரியும். முன்னும் போகவில்லை, பின்னும் போகவில்லையா? எண்ணெய் மட்டம், ஃபில்டர், பைபாஸ் வால்வு மூடியிருக்கிறதா என்று பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் போகவில்லையா? அந்தப் பக்கத்து ரிலீஃப் வால்வையும் லிங்கேஜையும் சந்தேகப்படுங்கள். நியூட்ரலில் நகர்ந்தால் லிங்கேஜ் அட்ஜஸ்ட்மென்ட். ஊளையிட்டால் உறிஞ்சும் குழாயில் அடைப்போ காற்றோ இருக்கலாம். காலையில் இழுத்து, சூடேறியதும் சோர்ந்தால் தேய்மானம். இளகிய எண்ணெய் அந்த இடைவெளியில் கசிகிறது. அப்போதும் கேஜ் வைத்து சார்ஜ் பிரஷர் பார்த்த பிறகே ஸ்பானர். வயலோரம் பிரித்தால் உள்ளே போகும் தூசியே நல்ல பம்பையும் கெடுத்துவிடும்.

எங்கள் வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான். அப்பா அறுவடை வண்டி டிரைவர். ஒரு அறுப்பு சமயத்தில் மெக்கானிக் பேச்சைக் கேட்டு முதலாளி கடன் வாங்கிப் பம்பு மாற்றினார். வண்டி அப்படியேதான் நின்றது. அடைத்திருந்தது ஃபில்டர்! அந்தப் பத்து நாளும் அப்பாவுக்குக் கூலி இல்லை. வயல்காரர்களுக்கு மழை பயம். தப்பான தீர்ப்புக்கு தண்டனை அனுபவிப்பது யார், பார்த்தீர்களா?

நம் படிப்பு என்ன செய்கிறது? வைவாவில் பாஸ்கல் விதி கேட்கிறார்கள், ஒப்பித்துவிடுகிறோம். லேபில் பம்பைப் பிரித்துப் பூட்டினால் மார்க். கோளாறோடு ஓடும் இயந்திரத்தின் முன் நிறுத்தி, "இதுக்கு என்ன வியாதி, சொல்லு" என்று யாரும் கேட்பதில்லை.

ஆகவே என் கோரிக்கை ஒன்றே. ஒரு பழைய யூனிட்டை வாங்கி, வேண்டுமென்றே ஒரு கோளாறை வைத்து, கையில் ஒரு கேஜ் மட்டும் கொடுத்து நம்மைச் சோதிக்கட்டும். "சிலபஸ்ல இல்லையே" என்பார்கள். வெளியே நமக்காகக் காத்திருக்கும் வண்டிகள் சிலபஸ் பார்த்தா பழுதாகின்றன? மாணவர் மன்றம் இந்த ஆண்டே இதைக் கேட்க வேண்டும். கையெழுத்துப் போட நான் தயார். நீங்கள்?

— மூன்றாம் ஆண்டு மாணவன், இயந்திரவியல்