"கடல் இருக்குத்தானே" எண்டு சொல்லுற ஆக்களுக்கு

ஒரு சி.ஆர். கொப்பியின் கடைசிப் பக்கம். மேலே "லீவுப் பயணம்" என்று தங்கச்சியின் வட்ட எழுத்து. அதுக்குக் கீழே பதினொரு பேர். பெரியாக்கள் ஐந்து, சின்னாக்கள் ஆறு. சின்னாக்களின் வயசு 14, 12, 9, 7, 5, ஒன்றரை. எங்கட வீடு, சித்தி வீடு, மாமா வீடு என்று மூன்று வீட்டுப் பிள்ளைகளையும் ஒரே ஒரு நாள், நீர்ச்சறுக்கும் ராட்டினமும் இருக்கிற பெரிய பூங்கா ஒன்றுக்குக் கூட்டிப்போறதுதான் பிளான். எங்கட பரம்பரையிலேயே இதுதான் முதல் தரம்.

பிளான் வெளியில் தெரிஞ்சு இரண்டு நாளைக்குள் தீர்ப்புகள் வரத் தொடங்கிவிட்டன. பெரியப்பா: "ஒரு நாள் கூத்துக்கு மீசையை எடுக்கிறதோ?" முன்வீட்டு ஓய்வுபெற்ற ரீச்சர்: "அந்தக் காசில ரெண்டு பேருக்கு ஒரு தவணை ரியூசன் குடுக்கலாம்." கனடாவில் இருந்து ஒரு மாமா வட்ஸப் வொய்ஸில்: "உங்களுக்கென்னடா, திருகோணமலையில கடல் இருக்குத்தானே. அதைப் பாக்கத்தானே நாங்கள் டிக்கெட் போட்டு வாறம்." கம்பஸில் எங்களோடு படிக்கிற தோழர் ஒருவர் இன்னும் ஒரு படி மேலே போய், தீம் பார்க் என்பது முதலாளியத்தின் போலி உலகம் என்றார்.

நாலு பேருக்கும் பதில் சொல்லத்தான் இதை எழுதுகிறோம். பெரியப்பா இதை வாசிக்கமாட்டார், பரவாயில்லை. அவர் சொன்னதைச் சொல்லுற இளசுகளும் நிறையப் பேர் இருக்கினம்.

முதலில் காசு. எங்கட கொப்பியில் இருக்கிற கணக்கை யாரும் பார்க்காமலே "வீண்செலவு" என்கிறார்கள். பாருங்கோ. இந்த மாதிரிப் பூங்கா என்று இலங்கையில் பேர் தெரிஞ்சவை ஹங்வெல்லப் பக்கம் லெஷர் வேர்ல்ட், பண்டாரகமவில் பேர்ள் பே. இரண்டுமே மேல் மாகாணம். எங்கட ஊரில் இருந்து கொழும்புக்கே 260 கிலோமீற்றர் அளவில் வரும், அதுக்கு மேலே இன்னொரு பயணம். பதினொரு பேரில் ஒருத்தருக்கு வயசு ஒன்றரை, இன்னொருத்தர் ஹபரணை வரமுதலே சத்தி எடுப்பார். 49ஆம் நம்பர் பஸ்ஸில் இந்தக் கூட்டத்தோடு ஏறி, விடிய இறங்கி, இன்னொரு பஸ் மாறி, பத்து மணிக்குப் பூங்கா வாசலில் சிரிச்ச முகத்தோடு நிற்க யாராலும் முடியாது. இரவு ரயிலில் சின்னாக்களுக்கு அரை டிக்கெட், கால் நீட்டலாம், ஆனால் கோட்டையில் இறங்கினபிறகு எல்லாச் சாமானோடும் நடுத்தெருவில்தான். வான் ஹயர் பிடிச்சால் பிரச்சினை தீரும், காசு தீரும். நாங்கள் மூன்று விதமாகவும் கூட்டிப் பார்த்தோம். மூன்றிலும் ஒரே விடை: பூங்காவுக்குள் செலவாகிற காசைவிட, பூங்கா வாசலுக்குப் போய்ச்சேரும் காசும் ஒரு இரவு தங்கிற காசும்தான் கூட.

அதாவது எங்கட பிள்ளைகள் ஆடம்பரத்துக்குக் காசு குடுக்கவில்லை. தூரத்துக்குக் குடுக்கினம். கடுவெலையில் இருக்கிற ஒரு பிள்ளை பஸ் காசோடு போய்ப் பின்னேரம் வீட்டுக்கு வரலாம். அந்தப் பிள்ளையின் தாயிடம் யாரும் "ஒரு நாள் கூத்து" என்று கேட்கிறதில்லை. ரியூசன் கணக்குச் சொல்லுற ரீச்சருக்கும் இதையேதான் சொல்லுறம். எங்கட பிள்ளைகள் கிழமையில் ஐந்து நாள் ரியூசன் போகினம். ஆறாவது நாளைப் பற்றித்தான் நாங்கள் கதைக்கிறம்.

ஒரு இரவு தங்குறது என்று எழுதினோமே, அந்த வரியில்தான் அம்மா கொப்பியை மூடிவைத்தா. "லொட்ஜில எல்லாம் வேண்டாம்." ஏன் என்று கேட்டால் முதலில் மூட்டைப்பூச்சி என்றா. பிறகுதான் உண்மை வந்தது. 2007 ஜூன் 7ஆம் திகதி, கொழும்பில் லொட்ஜுகளில் தங்கியிருந்த முன்னூறுக்கும் மேற்பட்ட தமிழர்களைப் பொலிஸ் எழுப்பி, பஸ்களில் ஏற்றி, வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பியது. அடுத்த நாள் உயர் நீதிமன்றம் தலையிட்டு நிறுத்தச் சொன்னது. வைத்தியத்துக்கு வந்தவர்கள், வெளிநாட்டு விசாவுக்கு நின்றவர்கள் எல்லாம் அதுக்குள் இருந்தார்கள். நாங்கள் அப்போது பால்பல்லோடு திரிந்தவர்கள். எங்களுக்கு லொட்ஜ் என்றால் சுடுதண்ணி வருமா, வைஃபை இருக்கா என்பதுதான். அம்மாவுக்கு லொட்ஜ் என்றால் இரவில் கதவு தட்டுற சத்தம். இப்ப அப்படி இல்லை அம்மா என்று நாங்கள் சொல்லலாம். சொன்னோம். அவ தலையாட்டிவிட்டு, அடையாள அட்டை எல்லாருடையதும் போட்டோக்கொப்பி எடுத்து இரண்டு பையில் வைக்கச் சொன்னா. பிளானில் அது ஏழாவது ஐட்டம், சத்திக்கு எலுமிச்சங்காய்க்கும் ஷொப்பிங் பைக்கும் அடுத்ததாக.

எப்ப போறது என்பதும் லேசான கேள்வி இல்லை. மாமா நிலாவெளியில் ஹோட்டல் ஒன்றில் வேலை. எங்கட கரைக்கு சீசன் மே தொடக்கம் செப்டெம்பர் வரை. ஓகஸ்ட் லீவு பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு நல்ல காலம், மாமாவுக்கு மூச்சுவிட நேரமில்லாத காலம். மற்றக் குடும்பங்களின் லீவுக்குக் கட்டில் விரிக்கிறதால் தன் பிள்ளைகளின் லீவுக்கு அவருக்கு லீவு இல்லை. சரி, டிசம்பரில் போவோம் என்றால் எங்களுக்கு மாரி. 2025இல் டிசம்பருக்குத்தான் முதலில் யோசித்தது. நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்து நாடே வெள்ளத்தில் நின்றபோது பூங்கா பற்றிக் கதைக்கவே வாய் வரவில்லை. சேர்த்த காசில் ஒரு பங்கு சித்தி வீட்டுக் கூரைக்குப் போனது. மிச்சத்தோடு இப்ப ஏப்ரல் என்று முடிவு. புதுவருசம் முடிஞ்சு, பஸ்களில் கூட்டம் குறைஞ்சபிறகு, மாமாவின் சீசன் தொடங்கமுதல், போயா இல்லாத ஒரு வாரநாள். வருசத்தில் எங்களுக்கு அமைகிற நாட்களை எண்ணினால் இரண்டு கை விரலே போதும். பக்கத்து ஒழுங்கை முஸ்லிம் குடும்பமும் எங்களோடு வானில் பங்குபோட ஆசைப்பட்டவை. அவையின்ர பள்ளிக்கூடத்துக்கு நோன்பு காலத்தில் லீவு, எங்கட லீவு வேறு நேரம். ஒரே தெருவில் ஒன்றாக விளையாடுற பிள்ளைகள் ஒரு நாள் ஒன்றாகப் போக ஒரு கலண்டர் இல்லை.

இனி அந்தக் கடல். கனடா மாமா, உங்களுக்குத்தான் இது.

ஓம், கடல் இருக்கு. உலகத்தின் பெரிய இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று எங்கட வாசலில் இருக்கு என்று நாலாம் ஆண்டுப் புத்தகத்திலேயே படிச்சிருக்கிறோம். அந்தத் துறைமுகத்தில் கால் நனைக்கிற இடத்தைக் காட்டுங்கோ. டொக்யார்ட் பக்கம் கடற்படை. சீனன்குடாப் பக்கம் மாபிள் பீச், அலை இல்லாத, சின்னப் பிள்ளைகளை நம்பி இறக்கக்கூடிய அருமையான தண்ணி. அது விமானப்படையின் கையில், டிக்கெட் எடுத்துத்தான் உள்ளே போகலாம். சோபர் தீவு கடற்படையின் உல்லாச விடுதி. கோணேசர் கோயிலுக்குப் போறதென்றால்கூட பிரெட்ரிக் கோட்டை வாசலால், ராணுவ முகாமுக்குள்ளால் நடக்கவேண்டும். புறாத்தீவு 2003இலிருந்து தேசியப் பூங்கா. பவளப்பாறையைப் பாதுகாக்கத்தான் வேணும், அதில் எங்களுக்குச் சண்டையில்லை. ஆனால் நுழைவுக் கட்டணமும் படகுக் கூலியும் சேர்த்து ஆறு பிள்ளைகளோடு போய்வர எவ்வளவு முடியும் என்று மாமா ஒருதரம் கணக்குப் பாருங்கோ. நீங்கள் டொலரில் பார்க்கிற கணக்கு வேறு.

மிச்சம் இருக்கிறது டச்சுக்குடாக் கடற்கரை. பின்னேரத்தில் கச்சான், ஐஸ்கிரீம் வான், பழத்தோல் கேட்டு வாற மான்கள். எங்கட சின்னாக்களுக்கு அந்த மான்கள்தான் இலவச மிருகக்காட்சிச்சாலை. எங்களுக்கும் அந்த இடம் பிடிக்கும், பிடிக்காது என்று யார் சொன்னது? ஆனால் பொழுது சாய்ந்தால் வீட்டில் இருந்து கோல் வரும். 2006 ஜனவரி 2 அன்று, அதே கடற்கரையில், காந்தி சிலைக்குப் பக்கத்தில் கதைச்சுக்கொண்டு இருந்த ஐந்து மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். எங்கட இப்போதைய வயசுதான் அவர்களுக்கு. 2019 ஜூலையில் சந்தேகநபர்கள் 13 பேரும் விடுவிக்கப்பட்டார்கள். அந்தக் கடலைத்தான் "இருக்குத்தானே" என்கிறீர்கள். எங்கட தாய்தகப்பன்மார் அதில் பிள்ளைகளை விளையாட விட்டுவிட்டு, முதுகைக் காட்டி ஒரு நிமிசம் நிம்மதியாக இருக்கமாட்டினம். வேலிபோட்ட பூங்கா ஒன்றுக்குள் பிள்ளை கத்தினால் அது சந்தோசத்தில் கத்துற சத்தம்தான் என்று நம்பலாம். இந்த நம்பிக்கைக்குத்தான் முக்கால்வாசி டிக்கெட் காசு.

ஊரில் விளையாட இடமே இல்லை என்று புளுக வரவில்லை. மக்கெய்சர் மைதானம் இருக்கு, ஏகாம்பரம் மைதானம் இருக்கு. பொடியங்கள் கிரிக்கெட் அடிப்பாங்கள். 14 வயசு மச்சாளுக்கு அங்கே என்ன வேலை? வயசுக்கு வந்ததில் இருந்து அவ ஓடினதை நாங்கள் பார்க்கவில்லை. இந்தப் பயணத்தில் ஆகக் கூடுதலாகத் துள்ளுறது அவதான்.

எங்கட துறைமுகத்துக்கு பிளான் போடாதவர்கள் யாரும் இல்லை. 2022 ஜனவரியில் எண்ணெய்த் தாங்கிகள் 99ஐயும் எண்ணிப் பிரித்தார்கள்: 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 14 இந்திய நிறுவனத்துக்கு, 61 இரண்டும் சேர்ந்த கம்பனிக்கு. யுத்தக் காலத்துத் துருப்பிடிச்ச தாங்கியைக்கூட ஒன்றுவிடாமல் எண்ண இந்த நாட்டுக்குத் தெரியும். சிறுவர் உரிமைச் சமவாயத்தை இலங்கை 1991இலேயே ஏற்றிருக்கு. அதன் 31ஆம் உறுப்புரை ஓய்வும் விளையாட்டும் பிள்ளையின் உரிமை என்கிறது. அந்தக் கரையில் பிள்ளைகளுக்கு எத்தனை மீற்றர் என்று எந்தப் பிளானில் எழுதியிருக்கு? எங்களுக்கு இங்கே ரோலர்கோஸ்டர் கட்டித்தரச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை. அலையில்லாத தண்ணியில் ஒரு துண்டு, டிக்கெட் இல்லாமல், யூனிபோர்ம் இல்லாமல். அதைத் தந்துவிட்டுக் கடலைப் பற்றி எங்களுக்குக் கதையுங்கோ.

தோழருக்கு ஒரு வார்த்தை. டிஸ்னிலாந்து என்ற போலி, வெளியில் இருக்கிற அமெரிக்கா உண்மையானது என்று நம்பவைக்கத்தான் இருக்கு என்று ழான் பூத்ரியார் 1981இல் எழுதினார். நாங்களும் அந்த நோட்ஸ் வாசிச்சோம், சோதினையிலும் எழுதினோம். ஆனால் பூத்ரியாருக்கு டிஸ்னிலாந்து சலிச்சபிறகு வந்த கோபம் அது. போகாத இடம் எப்படித் தோழர் எங்களுக்குச் சலிக்கும்? தமிழ்நாட்டு முகாமில் வளர்ந்து திரும்பி வந்த அக்கா ஒராள் இருக்கிறா. சென்னையில் வி.ஜி.பி.யில் எவ்வளவு சிரிப்புக்காட்டினாலும் சிரிக்காமல் நிற்கிற சிலை மனிதனை ஒரே ஒரு தரம் பார்த்ததை இன்னும் நடிச்சுக் காட்டுவா. முகாம் வாழ்க்கையைப் பற்றி அவ விரும்பிச் சொல்லுற ஒரே கதை அதுதான். அதைப் போலி என்று அவவிடம் போய்ச் சொல்லிப்பாருங்கோ.

எங்கட பிளானில் பிழை இல்லை என்றும் இல்லை. பெரிய பிழை ஒன்றை நாங்களே பிந்தித்தான் கண்டுபிடித்தோம். ஏழு வயசுக்காரியை யார் பிடிக்கிறது, ஒன்றரை வயசை யார் தூக்குறது, செருப்புகளுக்கு யார் காவல், நனைஞ்ச உடுப்பை யார் பிழியுறது என்று எழுதிக்கொண்டு போனால் எல்லா வரியின் முடிவிலும் அம்மா, சித்தி, மாமி. ஆம்பிளைகள் இரண்டு பேருக்கும் "வான்காரனோடு கதைக்கிறது" என்று ஒரே ஒரு வேலை. சோத்துப் பார்சல் உள்ளே விடுவார்களோ தெரியாது, ஆனாலும் விடிய மூன்று மணிக்கு எழும்பிக் கட்டப்போறது யார் என்பது தெரியும். பெரும்பாலான நீர்ப்பூங்காக்களில் பருத்தி உடுப்போடு தண்ணிக்குள் விடமாட்டார்கள், நைலோன் மாதிரித் துணிதான் வேணும். பிள்ளைகளுக்கு வாங்கியாச்சு. அம்மாவுக்கு வாங்குவமா என்றதுக்கு, "நான் என்ன குளிக்கவே வாறன்? ஒரு ஓரமா இருந்து பாக்கிறன்" என்றா.

வோல்ட் டிஸ்னியும் அப்படித்தான் இருந்தவராம். சனிக்கிழமைகளில் மகள்மாரை ராட்டினத்தில் ஏற்றிவிட்டு, வாங்கில் இருந்து கச்சான் சப்பிக்கொண்டு, தாய்தகப்பனும் பிள்ளையும் சேர்ந்து விளையாட ஒரு இடம் வேணுமே என்று யோசிச்சதாக அவரே சொல்லியிருக்கிறார். 1955இல் டிஸ்னிலாந்தைத் திறந்தார். வாங்கில் இருந்து யோசிக்கிறவர் ஆம்பிளையாகவும் காசுக்காரராகவும் இருந்தால் பூங்கா வரும். எங்கட அம்மாமார் இருபது வருசமாக வாங்கில்தான்.

அதால் கொப்பியில் புதுசாக ஒரு பத்தி போட்டோம். பெரிய சறுக்குகளுக்கு உயர அளவு இருக்கும் என்பதால் பிள்ளைகளை ஏற்கெனவே வாசல் நிலையில் நிறுத்திப் பென்சிலால் கோடு கீறியிருந்தோம். ஒன்பது வயசுக்காரன் குதிகாலைத் தூக்கிப் பிடிபட்டான். அவனுக்கு இப்பவே சொல்லிவைத்தாச்சு, அங்கே போய் அழக்கூடாது என்று. அதுக்குப் பக்கத்தில் மூன்று பெண்களையும் நிறுத்திக் கோடு கீறினோம். சித்தி வெட்கத்தில் சிரிச்சுச் சிரிச்சு நேராக நிற்கவே இல்லை. கொப்பியில் "சறுக்கில் ஏறுறது" என்ற தலைப்புக்குக் கீழே ஆறு பிள்ளைகளின் பேருக்குப் பிறகு அவர்கள் மூன்று பேரின் பேரையும் எழுதினோம். ஒன்றரை வயசைத் தூக்குற வேலைக்கு மாமாவின் பேர்.

அடுத்த நாள் பார்க்கிறம், அம்மா தன்னுடைய பேரை மட்டும் பென்சிலால் வெட்டியிருக்கிறா. திரும்ப எழுதியிருக்கிறோம், பேனையால்.