தட்டைப் பிரிக்கலாமா?



சிறுநீரகங்கள் செயலிழந்து, டயாலிசிஸ் இயந்திரத்தின் துணையால் உயிர் வாழ்வோர் இன்று நம் ஊர்கள்தோறும் உள்ளனர். அவர்களுள் சிலருடைய இரத்தத்தில் ஹெபடைடிஸ் பி அல்லது சி எனும் ஈரல் அழற்சிக் கிருமி இருப்பதாக ஒரு நாள் பரிசோதனைச் சீட்டு தெரிவிக்கிறது. அன்று மாலையே வீட்டில் அவருக்கெனத் தனித் தட்டும் தனிப் பாயும் ஒதுக்கப்பட்டுவிடுகின்றன. இது முறையா?

கிருமி வரும் வழியை முதலில் அறிவோம். டயாலிசிஸின்போது நிமிடத்துக்குச் சுமார் 300 மில்லிலிட்டர் இரத்தம் உடலினின்று வெளியேறி, தூய்மையாகித் திரும்புகிறது. நான்கு மணி நேரத்தில் ஏறத்தாழ 70 லிட்டர்! உடலிலுள்ள ஐந்து லிட்டர் இரத்தமே மீண்டும் மீண்டும் சென்று வருகிறது. ஊசியிலோ, கையுறையிலோ, கட்டில் விளிம்பிலோ ஒரு துளி ஒட்டியிருப்பினும் அது அடுத்தவரைச் சென்றடையக்கூடும். ஹெபடைடிஸ் பி கிருமி உலர்ந்த பரப்பிலும் குறைந்தது ஏழு நாள் வீரியத்துடன் இருக்க வல்லது. ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் 1969-70ஆம் ஆண்டுகளில் டயாலிசிஸ் பிரிவில் இது பரவியபோது, நோயாளர் மட்டுமன்றி மருத்துவமனைப் பணியாளர் சிலரும் மாண்டனர்.

டயாலிசிஸ் செய்துகொள்ளும் ஆண்டுகள் நீளநீள, இரத்தம் ஏற்றிய தடவைகள் பெருகப்பெருக, தொற்றும் ஆபத்தும் கூடுகிறது. ஹெபடைடிஸ் சி உள்ள டயாலிசிஸ் நோயாளரிடையே இறப்பு மிகுதி எனப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியுள்ளன. முதுமை, நீரிழிவு, இதய நோய், ஊட்டக் குறைவு ஆகியன உடன்சேரின் ஆயுள் மேலும் சுருங்கும்.

எனினும் மனம் தளர வேண்டுவதில்லை. 1989இல் அடையாளம் காணப்பட்ட ஹெபடைடிஸ் சி கிருமியை, இன்று சில வார மாத்திரைகளே நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் நீக்கிவிடுகின்றன. டயாலிசிஸ் நோயாளருக்கும் ஏற்ற மருந்துகள் உள்ளன. ஹெபடைடிஸ் பி கிருமியை முற்றிலும் அகற்றுவது அரிது. ஆனால் மருந்தால் அடக்கலாம், தடுப்பூசியால் தவிர்க்கலாம். டயாலிசிஸ் நோயாளருக்கு அவ்வூசி வழக்கத்தினும் கூடுதல் அளவில் இடப்படுகிறது. 2018இல் தொடங்கிய தேசிய ஈரல் அழற்சித் தடுப்புத் திட்டத்தின் கீழ் அரசு மருத்துவமனைகளில் மருந்து இலவசம்.

இனி வீட்டுக்கு வருவோம். உடன் உண்பதாலோ, உடன் உறங்குவதாலோ, குழந்தையை மடியில் வைத்துக் கொஞ்சுவதாலோ இக்கிருமிகள் பரவுவதில்லை. பிரிக்க வேண்டியவை சவரக்கத்தி, நகவெட்டி, பல்துலக்கி, ஊசி ஆகிய இரத்தம் படக்கூடிய பொருள்களே. வீட்டிலுள்ளோர் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டுக்கொள்வது கட்டாயம். தம்பதியர் மருத்துவரின் அறிவுரையையும் பெறட்டும்.

மற்றொன்றையும் எண்ணிப் பாருங்கள். வீட்டில் ஒதுக்கப்பட்டவர், வெளியில் தம் நோயை மறைக்கத் துணிகிறார். வேறொரு மருத்துவமனைக்குச் செல்லும்போது பழைய சீட்டைக் காட்டாது விடுகிறார். ஹெபடைடிஸ் பி உள்ளவருக்குத் தனி இயந்திரம் வேண்டும் என்பது விதி. அது தெரியாமற்போனால் பக்கத்துக் கட்டிலில் இருப்பவருக்கு, அவரும் ஒரு வீட்டின் தந்தை, தீங்கு நேரலாம். நாம் காட்டும் அருவருப்பு இன்னொரு குடும்பத்தின் உயிருக்கே உலையாக முடியும்.

ஆகவே சீட்டை மறைக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். மருந்தைக் கேட்டு வாங்குங்கள். இன்றிரவு உணவுக்கு அவரையும் உங்கள் பந்தியிலேயே அமர்த்திக்கொள்ளுங்கள்.