ஒத்தடமும் ஒரு மருந்துதான்



இதை எழுதுவதா விடுவதா என்று ரெண்டு கிழமையாக யோசித்தேன். என் கவலையீனத்தைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் இதை வாசித்து யாரோ ஒருவருடைய உம்மாவின் கால் தப்பினால் அது போதும்.

என் உம்மாவுக்குப் பதினைந்து வருடமாகச் சீனி வருத்தம். போன வருடம் பாதத்தில் விறைப்பும் நோவும் என்றார். ராத்திரி சுடுதண்ணிப் போத்தலைத் துவாயில் சுற்றி நான்தான் காலடியில் வைத்தேன். "சூடு காணுமா உம்மா?" என்று கேட்டேன். "காணாது மகன், ஒன்றும் தெரியுதில்ல" என்றார். துவாயைக் கழற்றிவிட்டு வெறும் போத்தலை வைத்துவிட்டுப் படுக்கப் போனேன்.

சுபஹுக்கு எழும்பிப் பார்த்தால் பாதம் முழுக்கக் கொப்புளம். உம்மா நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தார். அந்தப் புண் ஆற மூன்றரை மாதம் சென்றது. விரல் எதுவும் போகாமல் தப்பியது அல்லாஹ்வின் கிருபை.

டொக்டர் சொன்ன பிறகுதான் எனக்கு விளங்கியது. சீனி பல வருடம் கூடியிருந்தால் பாதத்து நரம்புகள் பழுதாகும். சூடு, குளிர், முள் குத்துவது எதுவும் சரியாகத் தெரியாது. ரத்த ஓட்டமும் குறைவதால் சின்னப் புண்ணும் லேசில் ஆறாது. "ஒன்றும் தெரியுதில்ல" என்று உம்மா சொன்னதே எச்சரிக்கைதான். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிற எனக்கு அது விளங்கவில்லை.

நம் ஊரில் பனடோல் கொடுப்பதற்கு முன் "வேற என்ன மருந்து குடிக்கிறீங்க?" என்று கேட்கிறோம். ஒத்தடம் கொடுக்க மட்டும் யாரும் எதுவும் கேட்பதில்லை. சூடுதானே, ஐஸ்தானே என்ற நினைப்பு. ஒத்தடமும் மருந்துதான் என்பது என் கருத்து. மருந்து என்றால் ஆள் பார்க்க வேண்டும், அளவு பார்க்க வேண்டும், நேரம் பார்க்க வேண்டும். அதனால் இப்போது எங்கள் வீட்டில் மூன்று கேள்வி கேட்காமல் ஒத்தடம் கிடையாது.

முதல் கேள்வி: அந்த இடத்தில் உணர்வு இருக்கிறதா? சீனி வருத்தக்காரரின் பாதம், பாரிசவாதம் வந்த பக்கம், மரத்துப்போன இடம் என்றால் வைத்தியரைக் கேட்காமல் சூடும் வேண்டாம், ஐஸும் வேண்டாம். உணர்வு இருப்பவருக்கும் இதமான சூடு போதும். பதினைந்து இருபது நிமிடத்தில் எடுத்துவிட வேண்டும். இடையில் துணியை விலக்கித் தோலைப் பார்க்க வேண்டும். போத்தலை வைத்துக்கொண்டு தூங்கவே கூடாது.

ரெண்டாவது கேள்வி: இது புது அடியா, பழைய நோவா? எங்கள் பாடசாலை இல்ல விளையாட்டுப் போட்டியில் தரம் 9 பிள்ளை ஒருவனுக்குக் கணுக்கால் பிரண்டது. பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் நல்ல எண்ணத்தில் எண்ணெயைச் சூடாக்கி அழுத்தி உருவிவிட்டார். பின்னேரம் கால் பூசணிக்காய் மாதிரி வீங்கிவிட்டது. புது அடியில் உள்ளே நார் கிழிந்து ரத்தம் கசிந்திருக்கும். சூடு ரத்தக் குழாய்களை விரிக்கும், அதனால் வீக்கம் கூடும். அந்த நேரத்தில் துணியில் சுற்றிய ஐஸ் பத்துப் பதினைந்து நிமிடம் வைத்தால் நோவு குறையும். ஐஸை நேரே தோலில் வைத்தால் அதுவும் புண்ணாக்கும். கணுக்கால் எலும்பை அமர்த்தினால் நோகிறது, அல்லது நாலு எட்டு நடக்க முடியவில்லை என்றால் உருவுவதை விட்டுவிட்டு எக்ஸ்ரே எடுங்கள்.

பழைய முதுகு நோவு, கழுத்துப் பிடிப்பு, காலையில் இறுகிப்போகும் முழங்கால் போன்றவற்றுக்குச் சூடு நல்லது. நம் மூத்தம்மாமார் கொடுத்த நொச்சி இலை ஒத்தடமும் உப்பு ஒத்தடமும் வீண் வேலை அல்ல.

மூன்றாவது கேள்வியைத்தான் நாம் கேட்பதே இல்லை: ஒத்தடத்துக்குப் பிறகு என்ன அசைவு செய்ய வேண்டும்?

பக்கத்து வீட்டு மாமிக்குத் தோள் இறுகி, தக்பீருக்குக் கையை உயர்த்த முடியாமல் போனது. சீனி உள்ளவர்களுக்கு இது கூடுதலாக வரும். மாதக்கணக்கில் காசு கட்டிச் சூட்டு லைட்டும் கரண்டும் பிடித்தார். வீட்டுக்கு வந்ததும் "நோகும்" என்று கையை மடியில் வைத்துக்கொண்டு இருப்பார். சூடு நோவைத் தணித்து, இறுகிய இடத்தைக் கொஞ்ச நேரம் இளக்கிக் கொடுக்கும். அந்த நேரத்தில் கையை அசைக்காவிட்டால் மறுபடி இறுகிவிடும். பிறகு ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி செய்யும் மகள் ஒருவர் சுவரில் விரலால் ஏறும் பயிற்சியைச் சொல்லிக் கொடுத்தார். மாமி ஒவ்வொரு நாளும் செய்தார். ஆறேழு மாதத்தில் கை காது வரைக்கும் வந்துவிட்டது, அல்ஹம்துலில்லாஹ்.

ஐஸின் கதையும் இதுதான். ஓய்வு, ஐஸ், கட்டு, உயர்த்தி வைத்தல் என்ற நாலையும் 1978 இல் பிரபலமாக்கியவர் கேப் மேர்க்கின் என்ற அமெரிக்க வைத்தியர். ஐஸும் முழு ஓய்வும் குணமாவதைப் பிந்தச் செய்யலாம் என்று பிற்காலத்தில் அவரே மாற்றிச் சொன்னார்.

குற்றம் வைத்தியர்களில் மட்டும் இல்லை. மெஷின் பிடித்தால்தான் வைத்தியம் என்று நினைப்பது நாம்தான். பயிற்சி சொல்லிக் கொடுத்து அனுப்பினால் "ஒன்றும் செய்யல்ல, கையை ஆட்டச் சொல்லி அனுப்பிட்டாங்க" என்று குறை சொல்கிறோம். அரசாங்க ஆஸ்பத்திரிகளில் பிசியோதெரபி இலவசம். அங்கே போய்ச் சூடு மட்டும் பிடித்துக்கொண்டு வராதீர்கள். "வீட்டில் என்ன செய்ய வேண்டும், எத்தனை தடவை?" என்று கேட்டு எழுதி எடுத்து வாருங்கள். பெண்களுக்குக் கூச்சம் இருந்தால் பெண் பிசியோதெரபிஸ்ட் இருக்கிறாரா என்று கேட்பதில் தவறில்லை.

பள்ளி நிர்வாகங்களிடம் ஒரு வேண்டுகோள். சீனி பார்க்கும் இலவச முகாம்களில் பாதத்து உணர்வையும் பார்க்க ஏற்பாடு செய்யுங்கள். அதற்குச் சில நிமிடமே போதும்.

இன்று ராத்திரி உங்கள் உம்மா வாப்பாவின் பாதத்தை ஒரு தடவை கையில் எடுத்துப் பாருங்கள். கண்ணை மூடச் சொல்லி விரல்களை லேசாகத் தொட்டு, "தெரியுதா?" என்று கேளுங்கள். தெரியவில்லை என்றால் சுடுதண்ணிப் போத்தலை எடுத்து வைத்துவிட்டு, நாளைக்கே கிளினிக்குக்குக் கூட்டிப் போங்கள்.