அச்சை எண்ணுவதா, புகையை அளப்பதா?

தில்லியின் காற்று கெட்டுவிட்டது என்பதை இங்கு வாழும் நமக்கு எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அதைத் திருத்த வந்த கட்டணம் எதை அளக்கிறது என்பதே கேள்வி.

தலைநகருக்குள் நுழையும் சரக்கு வண்டிகள் சுற்றுச்சூழல் இழப்பீட்டுக் கட்டணம் செலுத்த வேண்டும் என 2015 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. இலகு வண்டிக்கும் இரண்டு அச்சு லாரிக்கும் 700 ரூபாய். மூன்று அச்சும் அதற்கு மேலும் உள்ளவற்றுக்கு 1,300 ரூபாய். டிசம்பரில் இவை இரு மடங்காயின. நோக்கம் நன்று. ஆனால் வகுத்த முறை? அச்சா புகை கக்குகிறது? எஞ்சின் அன்றோ கக்குகிறது!

விஞ்ஞானம் கூறுவதைக் கேளுங்கள். கனரக டீசல் எஞ்சின், ஒரு கிலோவாட்-மணி ஆற்றலுக்கு 3.5 கிராம் நைட்ரஜன் ஆக்சைடு வரை விடலாம் என்றது பாரத் ஸ்டேஜ் 4 தரம். 2020 ஏப்ரலில் நாடெங்கும் வந்த பாரத் ஸ்டேஜ் 6 தரமோ அதை அரை கிராமுக்குள் அடக்கியது. ஆயினும் அச்சு ஒத்திருந்தால் இரண்டு லாரிக்கும் கட்டணம் ஒன்றே என்பதுதான் அந்த வகுப்புமுறை. கடன்பட்டுப் புது லாரி வாங்கியவர் கண்ட பயன் என்ன?

லண்டன் மாநகர் 2019-இல் வேறு வழி கண்டது. பெட்ரோல் வண்டி யூரோ 4, டீசல் வண்டி யூரோ 6 தரத்தை எட்டினால் கட்டணமில்லை. எட்டாத கார், வேன்களுக்கு நாளொன்றுக்கு 12.50 பவுன்.

பழைய வண்டி வைத்திருப்பவர் ஏழை லாரிக்காரர்தாமே என்பர் சிலர். உண்மை. ஆகவே வசூலாகும் பணத்தில் ஒரு பங்கு, அவர் வண்டி மாற்ற உதவியாகச் செல்லட்டும். பழைய வண்டியைக் கழிக்க லண்டனும் உதவித்தொகை தந்ததே!

தூய்மைக்குச் சலுகையும் புகைக்குக் கட்டணமும் இருந்தால்தான் காற்று திருந்தும்.