"செடிதான் தெரியுது, மீனைக் காணோமே டீச்சர்!"



போன ஞாயிற்றுக்கிழமை மகள் வீட்டு மீன் தொட்டியின் படத்தைப் போட்டிருந்தேன். ஒருவன், "செடிதான் தெரியுது, மீனைக் காணோமே டீச்சர்" என்று எழுதியிருந்தான். அக்கா மகன், "சித்தி, லண்டன் வரைக்கும் போய் பாசி வளர்க்கிறீங்களா" என்று கேட்டான். இன்னொரு மாணவி, "மீனை அடைத்து வைப்பது பாவம் இல்லையா டீச்சர், நீங்களா இப்படி" என்று வருத்தப்பட்டிருந்தாள். மூன்று பேருக்கும் தனித்தனியாகப் பதில் எழுத விரலுக்குப் பொறுமை இல்லை. அதனால் மொத்தமாக எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான். வகுப்பில் கொட்டாவி விட்டவர்கள் இங்கேயும் விட்டுக்கொள்ளலாம்.

முதலில் மீன் யார் என்று சொல்கிறேன். ஊர் மெக்சிகோ. ஹலிஸ்கோ மாநிலத்தில் டெக்கீலா என்று ஓர் எரிமலை இருக்கிறது. (ஆமாம், நீங்கள் நினைக்கிற அதே பெயர்தான். அந்த ஊரின் பெயர்தான் சாராயத்துக்கும் வந்தது. மீன் குடிப்பதில்லை.) அதன் அடிவாரத்தில் தெயூச்சித்லான் என்று ஒரு சிற்றூர். வட்ட வட்டமாகப் படி வைத்துக் கட்டிய பழைய பிரமிடுகள் அங்கே உண்டு. ஊரையொட்டி ஊற்றுகள் கிளம்பிச் சின்ன ஆறாக ஓடி, கொஞ்ச தூரத்தில் லா வேகா என்ற நீர்த்தேக்கத்தில் கலக்கின்றன. நம் ஊர் வாய்க்கால் அளவு ஆறுதான். அதில் மட்டும் வாழ்ந்த மீனுக்கு அறிவியல் பெயர் சூகோனெட்டிகஸ் டெக்கீலா. விரல் நீளம்கூட இருக்காது. ஆணின் வாலில் ஆரஞ்சு நிறத்தில் பிறை வரைந்தது போல ஒரு பட்டை. அதைத் தவிர்த்தால் பழுப்பு நிறம்; கடையில் வைத்தால் யாரும் நின்று பார்க்க மாட்டார்கள்.

விஞ்ஞானிகள் இதற்கு முறையாகப் பெயர் வைத்தது 1998ல். அதற்குள் ஆற்றில் இந்த மீன் ஏறக்குறைய இல்லாமல் போய்விட்டிருந்தது. தண்ணீர் கெட்டது, ஊற்றுகளிலிருந்து தண்ணீர் எடுக்கப்பட்டது, வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட மீன்கள் பெருகின. பின்னால் பக்கத்தில் ஒரு சின்ன ஊற்றுக்குளத்தில் மட்டும் கொஞ்சம் மிஞ்சியிருந்தது தெரியவந்தது. அதே 1998ல் இங்கிலாந்தின் செஸ்டர் மிருகக்காட்சிசாலை, ஐரோப்பாவில் தொட்டிகளில் மீன் வளர்ப்பவர்கள் கொடுத்த சில ஜோடிகளை மெக்சிகோவின் மொரேலியா நகரப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பியது. அங்கே அவை பெருகின. 40 ஜோடிகளைத் திறந்தவெளிக் குளத்தில் விட்டார்கள். பறவை, பாம்பு, ஆமை, ஒட்டுண்ணி எல்லாம் உள்ள குளம். நாலு வருடத்தில் ஏறக்குறைய 10,000 ஆயின. அதற்குப் பிறகுதான் 1,500 மீன்களைச் சொந்த ஆற்றில் விட்டார்கள்.

பாவம் இல்லையா என்று கேட்ட பெண்ணே, இதை நீ இரண்டு முறை படி. ஆற்றுக்குத் திரும்பிய அந்த 1,500 மீன்களும் யாரோ சிலர் வீட்டுக் கூடத்தில் கண்ணாடித் தொட்டியில் வளர்த்த மீன்களின் வாரிசுகள். இதே ஆற்று மீனான தங்க ஸ்கிஃபியாவின் கதையும் இப்படியே. ஆற்றிலிருந்து அடியோடு போய், பல பத்தாண்டுகள் தொட்டிகளில் மட்டுமே உயிரோடு இருந்தது. 2022 நவம்பரில் 1,200 மீன்களை மறுபடி தெயூச்சித்லானில் விட்டார்கள்.

எங்கள் திருத்துறைப்பூண்டிப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. நெல் ஜெயராமன் பாரம்பரிய நெல் ரகங்களைச் சேர்த்து, திருவிழா நடத்தி, விவசாயிக்கு 2 கிலோ விதை கொடுத்து அடுத்த வருடம் 4 கிலோவாகத் திருப்பி வாங்கினார். விதைநெல்லைக் குதிரில் பூட்டி வைத்தால் சில வருடத்தில் முளைக்காது. போட்டு, அறுத்து, கைமாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அபூர்வ மீன் வளர்ப்பதும் அதே கணக்கு. தொட்டி என்பது குதிர். அலமாரி பொம்மை இல்லை.

இனி மீனைக் காணோமே என்ற கேள்விக்கு வருகிறேன்.

பயோடோப் தொட்டி என்றால் ஒரு மீன் பிறந்த இடத்தின் தண்ணீர், மண், கல், செடி ஆகியவற்றை முடிந்த மட்டும் அப்படியே அமைப்பது. இப்போது இது ஒரு மோகமாகிவிட்டது. போட்டிகள்கூட நடக்கின்றன. படங்களைப் பார்த்தால் கண் கூசும் அழகு. ஆனால் பல தொட்டிகளில் மீன் ஓர் அலங்காரப் பொருள். படம் எடுத்த மறுமாதம் கலைத்துவிட்டு வேறு நாட்டு ஆறு! எனக்கு இதில் உடன்பாடே கிடையாது. அபூர்வ மீனுக்குத் தொட்டி வைப்பவர் முதலில் கேட்க வேண்டியது, "இதில் மூன்றாவது தலைமுறை பிறக்குமா?" என்பதுதான். அழகு தானாக வந்தால் வரட்டும்.

எங்கள் தொட்டி 100 செ.மீ. நீளம், 40 அகலம், 40 உயரம். கணக்குப் போட்டால் 160 லிட்டர். (போட்டுப் பாருங்கள். வழி எழுதாதவர்களுக்கு மதிப்பெண் கிடையாது.) அடியில் மெல்லிய மணல், எரிமலைக் கல் சில, ஒரு மரவேர். செடியில் பாதி செரட்டோஃபில்லம். நரிவால் மாதிரி இருக்கும், வேர் கிடையாது, தண்ணீரில் அப்படியே மிதக்கும். உலகத்தில் பெரும்பாலான நாடுகளில் இருக்கிற செடி இது. மெக்சிகோவிலும் உண்டு, நம் ஊர்க் குளத்தில் காலில் சுற்றுமே, அங்கேயும் உண்டு. முதல் நாள் வாளியிலிருந்து எடுத்தபோது எனக்கு ஊர் ஞாபகம்தான் வந்தது. இன்னொன்று ஜாவா மாஸ். அது ஆசியச் செடி. மாப்பிள்ளை, "அப்படியென்றால் இது பயோடோப் இல்லையே அத்தை" என்றார். சரிதான். அதனால் தொட்டிக்கு ஒட்டிய தாளில் பேத்தி, "ஜாவா மாஸ் மட்டும் வெளியூர்" என்று எழுதி வைத்திருக்கிறாள். குட்டி ஒளிவதற்கு அதைவிட நல்ல இடம் இல்லை. மீன் செடியின் பெயரைப் படிப்பதில்லை, பார்க்க வருகிறவர்கள் படிப்பார்கள். எனவே செடியை வைப்பதில் தவறில்லை, பெயரை மறைப்பதுதான் தவறு என்பது என் கட்சி.

ஆகாயத்தாமரையை மட்டும் வைக்கக் கூடாது என்று நான் முன்னரே சொல்லிவிட்டேன். தென் அமெரிக்காவிலிருந்து வந்து நம் ஏரிகளையும் மெக்சிகோவின் சப்பாலா ஏரியையும் ஒன்றுபோல் மூடிய செடி அது.

தண்ணீர் விஷயத்தில் மகள் வீடு கொடுத்து வைத்தது. தென்கிழக்கு இங்கிலாந்தில் அடியில் சுண்ணாம்புப் பாறை. கெட்டிலைத் திறந்தால் உள்ளே வெள்ளையாகப் படிந்திருக்கும். டீ ருசிக்காது. ஆனால் இந்த மீனுக்கு அந்தக் கடினநீர்தான் ஒத்துப்போகிறது. ஹீட்டரும் வேண்டாம். 18 முதல் 23 டிகிரி வரை சுகமாக இருக்கும். குளிர்காலத்தில் கொஞ்சம் குளிர்ந்தால் நல்லது. குழாய்த் தண்ணீரில் குளோரின் இருப்பதால் அதை முறிக்கும் மருந்து சேர்த்த பிறகே ஊற்ற வேண்டும். வாரம் ஒரு தடவை கால்வாசித் தண்ணீர் மாற்றம். இதில் விடுமுறை கிடையாது.

தொட்டி வாங்கிய அன்றே மீன் விடக் கூடாது என்பதை எத்தனை பேருக்குச் சொல்வது! மீனின் கழிவு அம்மோனியாவாகும். அது நஞ்சு. ஒருவகைப் பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்கும். அதுவும் நஞ்சு. இன்னொரு வகை அதை நைட்ரேட் ஆக்கும். அதைச் செடி எடுத்துக்கொள்ளும். மிச்சத்தைத் தண்ணீர் மாற்றம் பார்த்துக்கொள்ளும். இந்தப் பாக்டீரியாக்கள் குடியேறவே நாலு முதல் ஆறு வாரம் ஆகும். நாங்கள் ஐந்து வாரம் வெறும் செடியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பேத்திக்கு ஒன்பது வயது. தினம் டெஸ்ட் கிட்டில் சொட்டு விட்டு, நிறம் பார்த்து, நோட்டில் எழுதுவாள். அம்மோனியாவும் நைட்ரைட்டும் தொடர்ந்து பூஜ்யம் காட்டிய பிறகுதான் மீன் வந்தது.

மீன் கடையில் கிடைக்காது. குட்டி போடும் மீன்களையே பல வருடமாக வளர்த்துவரும் ஒரு பெரியவர் பத்து மீன் கொடுத்தார். காசு வாங்கவில்லை. கூடவே ஒரு சீட்டு. இனத்தின் பெயர், எந்த ஆற்றுவழி வந்தது, யார் யார் கைமாறியது என்று வரிசையாக. நம் ஊரில் மாட்டுக்குச் சுழி பார்ப்பதை விடக் கண்டிப்பு! "இந்தத் தொட்டியில் இதன் சொந்தக்கார இனம் எதையும் விடாதீர்கள்" என்றார். நெருங்கிய இனங்களைச் சேர்த்து வைத்தால் கலப்புக் குட்டி பிறக்கலாம். ஒரு தடவை கலந்துவிட்டால் அந்த வம்சம் ஆற்றுக்குத் திரும்பும் தகுதியை இழந்துவிடும். அந்தச் சீட்டுத்தான் என் கணக்கில் தொட்டியிலேயே விலை உயர்ந்த பொருள்.

இந்த மீனின் பிள்ளைப்பேறு வேடிக்கையானது. கப்பியில் முட்டைக்குள் இருக்கும் கருவே பெரும்பாலும் குட்டிக்கு உணவு. இந்தக் குடும்பத்திலோ தாயின் வயிற்றில் இருக்கும் குட்டிக்குப் பின்பக்கத்திலிருந்து நாடா போல இழைகள் வளரும். நம் தொப்புள்கொடி மாதிரி, அந்த வழியாகத் தாயிடமிருந்து சத்தை உறிஞ்சிக்கொள்ளும். ஏறக்குறைய இரண்டு மாதம் சுமந்து, கொஞ்சம் குட்டிகளைத்தான் ஈனும். ஆனால் ஒவ்வொன்றும் பிறக்கும்போதே ஒரு சென்டிமீட்டர். பிறந்த சற்று நேரம் வரைக்கும் அந்த இழையின் மிச்சம் வயிற்றடியில் தொங்கும். பேத்தி லென்ஸ் வைத்துப் பார்த்துப் படம் வரைந்திருக்கிறாள்.

இன்னொரு வித்தியாசம். கப்பிப் பெண் ஒரு தடவை சேர்ந்த விந்தை மாதக்கணக்கில் சேமித்து வைத்து, ஆண் இல்லாமலே பல ஈத்து போடும். ஒரே ஒரு சினைக் கப்பி ஒரு குளத்தை நிரப்பிவிடும். டெக்கீலா மீன் ஒவ்வோர் ஈத்துக்கும் மறுபடி சேர வேண்டும். எண்ணிக்கை குறைந்தால் எழுந்திருக்க முடியாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

கொசு ஒழிப்பு என்று நம் ஊர்க் கிணறுகளில் விடுகிறார்களே கம்பூசியா, அதுவும் அமெரிக்காவிலிருந்து வந்த குட்டி போடும் மீன்தான். கொசுப்புழுவோடு நிற்காமல் மற்ற மீன்களின் முட்டை, தவளைக்குஞ்சு என்று எல்லாவற்றையும் தின்னும். ஆகவே "டீச்சர், ஊருக்கு வரும்போது அந்த மெக்சிகோ மீனையும் கொண்டு வாங்க" என்று கேட்ட கொளத்தூர்க் கடைக்காரப் பிள்ளைக்கு என் பதில்: மாட்டேன். சித்திரை வெயிலில் நம் தொட்டித் தண்ணீர் 32 டிகிரியைத் தொடும், அது தாங்காது. தாங்கினாலும் தர மாட்டேன். நீ அயிரை மீனை ஒரு தொட்டியில் வைத்து இனம் பெருக்கிக் காட்டு, நான் வந்து கைதட்டுகிறேன். குழம்புச்சட்டியில் மட்டுமே பார்த்த மீன், மணலில் எப்படிப் புரளுகிறது என்று உன் கடைக்கு வரும் பிள்ளைகள் பார்க்கட்டும்.

அந்தத் தெயூச்சித்லானில் எனக்கு மிகவும் பிடித்தது வேறு ஒன்று. பிள்ளைகளுக்குப் பொம்மலாட்டம் நடத்தி, விளையாட்டு வைத்து, இந்த மீனைப் பற்றிச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். பிள்ளைகள் 'ஆற்றுக் காவலர்கள்' என்று குழு சேர்ந்து ஆற்றங்கரைக் குப்பையை அள்ளினார்கள். ஆசிரியர் பயிற்சியில் எனக்குச் சொல்லிக்கொடுத்தது, தெரிந்ததிலிருந்து தெரியாததற்குப் போ என்று. ஊர் ஆற்றில் காணாமல் போன மீனைவிட நல்ல பாடம் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது? ஆறு சுத்தமாகாமல் மீனை மட்டும் விட்டிருந்தால் 1,500 மீனும் வீண்தான். தொட்டி வைப்பவர்கள் இதை மறந்துவிட்டு, தாங்களே இனத்தைக் காப்பாற்றியதாகப் பெருமை பேசுவதும் எனக்குப் பிடிக்காது.

எனக்கு இருக்கும் கவலை ஒன்றே ஒன்று. ஐப்பசியில் நான் ஊருக்குக் கிளம்புகிறேன். மகளுக்கு வேலை, மாப்பிள்ளைக்கு வேலை. அபூர்வ மீன்களுக்குப் பெரிய ஆபத்து, வளர்ப்பவருக்கு வரும் சலிப்புத்தான். நோய் கூட அப்புறம்தான். யாருக்கும் தெரியாமல் ஒரு தொட்டி காலியாகும். ஒரு வம்சம் அதோடு முடிந்துபோகும். அதனால் ஒரு நிபந்தனை போட்டிருக்கிறேன். முதல் முப்பது குட்டிகள் வளர்ந்ததும் பத்து மீன் அந்தப் பெரியவர் சொல்லும் வேறு ஒருவருக்கு, பத்து மீன் பேத்தியின் பள்ளியில் தொட்டி வைத்திருக்கும் ஆசிரியைக்கு. சீட்டும் கூடவே போக வேண்டும், பேத்தியின் கையெழுத்தில்.

இன்று காலை எண்ணியபோது குட்டிகள் பதினேழு. மாஸுக்குள் இன்னும் இருக்கலாம். செடி அதிகம் என்று சொன்னவனே, அவை ஒளிந்திருப்பது அதில்தான்.